குறட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு



போன வருடம் மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்கு வண்டியில் வரும்போது நான்குவழிச் சாலையில் கண் அயர்ந்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்ததால் இன்று எழுதுகிறேன். "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க" என்று வீட்டம்மா சொன்னதை அதுவரை நான் காதில் வாங்கவில்லை.

வரலாற்று வாத்தியார் அல்லவா, தேடிப் படித்தேன். 1836-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் நின்றபடியே தூங்குவான். ஊரே சிரித்தது. 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் பருமனும் பகல் தூக்கமும் சேர்ந்த ஒரு நோய்க்கு 'பிக்விக்' என்றே பெயர் வைத்தார்கள். 1965-இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குபவரின் மூச்சு நிற்பதைக் கருவியில் பதிந்து பார்த்தார்கள். அன்றைய வைத்தியம் தொண்டையில் துளையிடுவது.

1980-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி, காற்றை மூக்கு வழியே செலுத்தினார். அடைபட்ட தொண்டை திறந்தது. 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதுதான் இன்றைய சிபேப் மெஷின்.

நம் நாட்டிலும் இது சிரிக்கும் விஷயமில்லை. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்ததற்கு இந்தத் தூக்க மூச்சடைப்பையே மருத்துவர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

மெஷினைத் திருவிழாக் கடையில் கண்ணாடி வாங்குவது போல வாங்கக் கூடாது. முதலில் இரவு முழுதும் தூக்கப் பரிசோதனை. மணிக்கு 5 முறைக்குள் மூச்சுத் தடை என்றால் இயல்பு. 30-க்கு மேல் போனால் கடுமை. எனக்கு 38. அப்புறம்தான் டாக்டர் சீட்டு எழுதினார்: என்ன மெஷின், எந்த மாஸ்க், எவ்வளவு அழுத்தம் என்று. அழுத்தம் குறைந்தால் தொண்டை திறக்காது. கூடினால் தூக்கம் கெடும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

டான்சில், அடினாய்டு வீங்கிய பிள்ளைகளுக்கும் இது வருமாம். அதைப் படித்த இரவு, வகுப்பில் தூங்கியதற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றிய பையன்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தபடி தூங்கிய ஒருவனுக்காவது நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டில் குறட்டை விடுபவரைக் கேலி செய்யாதீர்கள். ஒரு இரவு விழித்திருந்து, மூச்சு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.