லாரி அட்லர்: மறைக்கப்பட்ட பெயர், மறையாத இசை

மௌத் ஓர்கன் என்று நாம் வழங்கும் ஹார்மோனிக்காவைச் சிறுவரின் விளையாட்டுப் பொருளென்றே பலர் கருதுவர். சட்டைப்பையில் அடங்கும் அச்சிறு வாத்தியத்தைப் பெரும் சங்கீத மேடைகளில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர் லாரி அட்லர். அன்னாரின் வரலாறு வாலிபராகிய எமக்கு இசையினும் பெரியதொரு பாடத்தைப் புகட்டுகின்றது.

1914ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் யூதக் குடும்பமொன்றிலே பிறந்தார். அந்நகரத்துப் பீபொடி இசைக் கல்லூரி அவரைச் சிறுவயதிலேயே வெளியேற்றிவிட்டது. அவரோ மனந்தளரவில்லை. 1927இல் ஹார்மோனிக்காப் போட்டியொன்றில் பீத்தோவனின் உருப்படியொன்றை வாசித்துப் பரிசு பெற்றார்.

அவர் கையாண்டது குரோமற்றிக் எனும் வகை. அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் சுரம் அரைப்படி உயரும். ஆகவே எந்த இராகமும் அதில் இசையும். இசைக்குறிகளை வாசிக்கப் பயிலுமுன்னரே செவிப்புலனையே துணைக்கொண்டு அவர் உலகப் புகழ் எய்தினார். ஆங்கில இசைமேதை வோகன் வில்லியம்ஸ் 1951இல் அவருக்கென்றே ஓர் உருப்படி இயற்றினார்.

அக்காலத்திலேதான் அமெரிக்காவைப் பொதுவுடைமைப் பீதி பற்றிக்கொண்டது. அட்லரும் நடனக் கலைஞர் போல் டிறேப்பரும் கம்யூனிஸ்ட் அநுதாபிகள் எனப் பழிசுமத்தப்பட்டனர். அவர்கள் தொடுத்த மானநட்ட வழக்கில் 1950இல் யூரிமார் ஒருமுடிவுக்கு வரவில்லை. கச்சேரிகள் கைநழுவவே, அட்லர் இங்கிலாந்தைப் புகலிடமாக்கினார்.

அங்கே 1953இல் வெளிவந்த 'ஜெனிவீவ்' திரைப்படத்துக்கு இசையமைத்தார். அமெரிக்காவிற் காட்டப்பட்ட பிரதிகளிலோ அவர் பெயர் நீக்கப்பட்டது. அவ்விசை ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டபோது, வாத்தியக் குழுவை நடத்திய மியூர் மதிசனின் பெயரே பதிவாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த அத்தவறு 1986இலேதான் திருத்தப்பட்டது.

அதுகாறும் அவர் வாளாவிருந்தாரல்லர், வாசித்துக்கொண்டேயிருந்தார். 1994இல், எண்பதாவது வயதில், ஜோர்ஜ் மார்ட்டினுடன் சேர்ந்து கேர்ஷ்வினின் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார். 2001இல் இலண்டனிலே காலமானார்.

ஒருவரின் அபிப்பிராயம் பிடிக்கவில்லையென்று அவர் உழைப்பின் மீதுள்ள பெயரை அழிப்பது நீதியாகுமா? எமது சங்கங்களிலும் சபைகளிலும் இவ்வினா எழாமலில்லை. உழைத்தவர் பெயரை, அவர் எக்கட்சியினராயினும், உரிய காலத்திலேயே எழுதிவைப்போமாக. பிந்திவரும் திருத்தம் ஏட்டைச் சீராக்கும். இழந்த ஆண்டுகளை மீட்டுத் தராது.