நீரிழிவில் இழிவு இல்லை

இழிவு என்றதும் கேவலம் என்ற பொருள்தான் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழில் இழிதல் என்பது வெறுமனே கீழே இறங்குதல். மலையிலிருந்து அருவி இழியும். தேரிலிருந்து அரசன் இழிவான். அந்தப் பொருளில் அமைந்த சொல்தான் நீரிழிவு: உடம்பின் நீர் அளவுமீறி இறங்கிப் போகிற நோய். யாழ்ப்பாணத்தார் சொல்லும் சலரோகத்திலும் அதே நீர். கிரேக்கச் சொல்லான டயாபடீஸுக்கும் ஊடே ஓடிப்போவது என்றே பொருள்.

நீரோடு சுவையையும் சேர்த்துச் சொன்ன பெயர் மதுமேகம். மது என்றால் தேன்; இங்கே மேகம் என்பது வானத்து மேகமல்ல, சிறுநீர்ப்போக்கைக் குறிக்கும் வடசொல். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பழைய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். சித்த மருத்துவத்திலும் இந்தப் பெயர் நிலைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் சிறுநீரைச் சுவைத்தே இனிப்பை அறிந்தார். லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்த சோதனையை 1776-இல் வெளியிட்டார். அடியில் தங்கிய வெள்ளைக் கட்டி சர்க்கரையாக இனித்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரும் இனித்தது என்பதுதான் புதிய செய்தி. நோயைத் தேடவேண்டிய இடம் ரத்தம் என்று அப்போதுதான் புலப்பட்டது.

சிறுநீரகம் தான் வடிகட்டிய சர்க்கரையை மறுபடி உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அதனால் முழுவதையும் மீட்க முடியாது. மிஞ்சியது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அடிக்கடி நீர் பிரிவதும் நா வறள்வதும் அதனால்தான். ஆனால் வெறும் வயிற்றில் 126 இருந்து, மறுபரிசோதனையும் அதை உறுதிசெய்தாலே நீரிழிவுதான். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பவரிடம் எறும்பும் வராது, தாகமும் வராது. நீல நிற பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சி, பச்சையா, மஞ்சளா, செங்கல் சிவப்பா என்று பார்த்த பழைய சோதனைக்கும் அவர் அகப்படமாட்டார். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனை ரத்தத்துக்கு மாறியதும் பேச்சும் மாறியது. ‘சுகர் ஏறிடுச்சு’ என்கிறோம். பருக்கைக் கல்லைக் குறித்த வடமொழிச் சர்கரா, தமிழில் சர்க்கரை ஆனது; அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் சுகராகத் திரும்பி வந்தது. ஆனால் அடுக்களை டப்பாவுக்கும் ரத்தத்துக்கும் ஒரே பெயர் என்பதால் குழப்பமும் வந்தது. “சீனியத் தொடுறதே இல்ல டாக்டர், கருப்பட்டிக் காப்பிதான்” என்பார்கள். கருப்பட்டியும் சோறும் இட்லியும் குடலில் குளுக்கோஸாகித்தான் ரத்தத்தில் சேர்கின்றன. ராத்திரி பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை விடும். அதை அடக்கவும், தசைக்குள் சேர்க்கவும் இன்சுலின் வேண்டும். அது குறைந்தாலோ, உடம்பு அதற்குச் சரியாக இணங்காவிட்டாலோ, எதையும் சாப்பிடாத காலையிலும் எண் எகிறும்.

‘எனக்கு சுகர் இல்லை’ என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. ஐந்து லிட்டர் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் மொத்தம் 5 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அவ்வளவு எல்லாருக்கும் வேண்டும். கேட்கவேண்டியது இருக்கிறதா என்றல்ல, எவ்வளவு என்று.