மணலில் நான்கு சக்கர ஓட்டம்

மணற்பரப்பில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை ஓட்டும் முறை. டயரில் காற்றைக் குறைப்பதே இதன் முதல் பாடம். தார்ச்சாலையில் 32–36 பிஎஸ்ஐ இருக்கும் அழுத்தத்தை மணலில் 16–20க்கு இறக்குவது வழக்கம். டயர் பக்கவாட்டில் பிதுங்குவதுதான் கண்ணில் படும். உண்மையான பலன் அதனால் அல்ல, தரையில் படியும் தடம் நீள்வதால்தான். எடை அந்த நீளத்தில் பரவ, சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலோடிப் போகிறது.

முதல் உலகப்போரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ரோந்துப் பிரிவுகள் ஃபோர்டு மாடல் டி கார்களை ஓட்டின. 1922 டிசம்பரில் புறப்பட்ட சிட்ரோயன் குழு, பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டிய வண்டிகளில் சகாராவைக் கடந்து அடுத்த மாதமே திம்புக்துவை அடைந்தது. அது ஆடம்பரமான ஏற்பாடு. சாதாரணக் காரே போதும் என்று காட்டியவர் ரால்ஃப் பாக்னோல்ட் (1896–1990). ராணுவ அதிகாரியான இவர், விடுப்புக் காலத்தில் நண்பர்களுடன் மாடல் டி, பிறகு மாடல் ஏ கார்களில் பெருமணற்கடல் எனும் மணற்குன்றுப் பரப்புக்குள் போனார். அந்தக் கார்களுக்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. மணற்குன்றை நோக்கி நேராக, முழுவேகத்தில் விட்டால் கார் ஏறிவிடும் என்பதை ஓட்டியே கண்டறிந்தார். புதைந்த சக்கரத்தின் கீழ் கொடுக்க, பதுங்குகுழிக் கூரைக்கெனச் செய்த எஃகுத் தகடுகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக்கடையில் பிடித்தார். இவரது கார்களில் ரேடியேட்டர் கொதித்தால் நீராவி குழாய் வழியே தண்ணீர்த் தகரத்துக்குள் போய்க் குளிரும். வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் அத்தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1940இல் இவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படைக்கு இந்த உத்திகளே முதுகெலும்பு. மணல் நகர்வின் இயற்பியல் பற்றிய இவரது நூல் 1941இல் வெளிவந்தது.

இருந்த இடத்திலிருந்தே டயர் காற்றை ஏற்றி இறக்கும் வசதி, 1942இல் அறிமுகமான அமெரிக்காவின் டக் எனும் நீர்நில லாரியின் ஓட்டுநருக்குக் கிடைத்தது.

மணலில் பிரேக்கை அழுத்தினால் டயருக்கு முன் மணல் குவிந்து வண்டி சிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக நிற்கவிட வேண்டும், முடிந்தால் சரிவைப் பார்த்தபடி. குன்றில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே போனால் கவிழும். பாதியில் நின்றால் வந்த தடத்திலேயே பின்னோக்கி இறங்குவது நல்லது. புதைந்தபின் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அச்சுவரை இறங்கும். சக்கரத்தின் முன்னுள்ள மணலைத் தள்ளிவிட்டு, காற்றை 12 வரை குறைத்துப் பார்க்கலாம். 10க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறும். சாலைக்குத் திரும்பியதும் நிரப்பிவிட வேண்டும்.

இன்று இது பெரும்பாலும் பொழுதுபோக்கு. அப்படி ஓட்டுவோருக்கு ஆஸ்திரேலியாவின் கேகாரி தீவுக் கடற்கரையில் மணிக்கு 80 கி.மீ. வேக வரம்பு உண்டு.