ஹோமம் நடக்காத 1962

பிலவ வருஷம், தை 22, ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. ஆங்கிலத் தேதி 1962 பிப்ரவரி 4. உலகம் அழியக் குறித்த நாள். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது எட்டும் மகர ராசியில் கூடுகின்றன, 3ஆம் தேதியிலிருந்து 5 வரை தாண்டுவது கஷ்டம் என்று நாடு முழுக்க ஜோசியர்கள் சொல்லியிருந்தார்கள். நேரு சிரித்தார். ஜனங்கள் சிரிக்கவில்லை.

நான் அப்போது கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். தை பிறந்ததிலிருந்து அஷ்டகிரக சாந்தி ஹோம நோட்டீஸ்தான் வேலை. எழுத்துக் கேஸில் 'ஷ' கொஞ்சம்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். அஷ்டகிரகம், தோஷம், விசேஷ பூஜை என்று வரிக்கு வரி வந்தால் என்ன செய்வது? ஒரு நோட்டீஸை அடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்ததைக் கோக்க முடிந்தது. அதிலும் ஒரு கமிட்டியார், பிரளயத்தை அச்சடித்து வாங்கிக்கொண்டு, பாக்கியை 10ஆம் தேதி தருவதாகச் சொன்னார்கள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை உண்டு.

எல்லா நோட்டீஸும் ஒரே அமைப்பு. மேல்பாதியில் நெருப்பு, வெள்ளம், பூகம்பம். கீழ்பாதியில் ஹோமம் நடக்கும் இடம், நேரம், காணிக்கை. கோக்கும்போது எனக்கு அது உறைக்கவில்லை. 6ஆம் தேதி கடைத்தெரு வழக்கம்போல் திறந்து, தேர்தல் ஜீப்புகள் மறுபடி கத்த ஆரம்பித்ததும்தான் புரிந்தது. உலகம் அழிந்தால் மேல்பாதி பலித்தது. அழியாவிட்டால் கீழ்பாதி பலித்தது.

"ஹோமம் பண்ணியிருக்காவிட்டால் தெரிந்திருக்கும் சேதி" என்றார்கள். அதாவது, ஹோமம் நடக்காத இன்னொரு 1962 எங்கோ இருக்கிறது. அதில் கும்பகோணம் மண்ணோடு மண்ணாகிக் கிடக்கிறது. அங்கே போய்ப் பார்த்து வர யாருக்கு வழி? இந்த 1962-இல் பொய்த்த ஜோசியத்தை அந்த 1962-இல் பலிக்க வைத்துவிட்டார்கள்.

இது நம் ஊர்ச் சமாசாரம் மட்டுமல்ல. 1499-இல் ஜெர்மனியில் ஸ்டோஃப்லர் என்ற கணித அறிஞர் வெளியிட்ட பஞ்சாங்கம், 1524 பிப்ரவரியில் மீன ராசியில் கிரகங்கள் கூடும் என்று கணித்திருந்தது. ஐரோப்பா முழுக்கப் பிரளயப் பிரசுரங்கள் அச்சாகிக் குவிந்தன. அச்சுத் தொழில் அப்போது நூறு வயதுகூட ஆகாத குழந்தை. அதற்குள் இந்த வேலைக்கு வந்துவிட்டது! பிரளயம் வரவில்லை.

1962-இன் கணக்கில் பிழையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரகங்கள் சொன்ன நாளில், சொன்ன ராசியில் கூடின. 5ஆம் தேதி நியூகினியில் முழுச் சூரிய கிரகணமே தெரிந்தது. எட்டாவதான கேது மட்டும் வானத்தில் உள்ள ஒரு பொருளே அல்ல, சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. கூடும் நாளைக் கணக்குச் சொல்லும். கூடினால் நமக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

அக்டோபர் 20 அன்று சீனப் படை எல்லையில் தாக்கியது. ஜோசியத்தை நம்பியவர்கள் சொல்லி வைத்தாற்போல் வந்துவிட்டார்கள்: "பலன் உடனே வருமா? எட்டு கிரகம், எட்டு மாதம்!" என்னிடம் பிப்ரவரி நோட்டீஸ்கள் ஒரு கட்டு இருந்தன. எடுத்துக் காட்டினேன். ஒன்றிலும் சீனா இல்லை, யுத்தமும் இல்லை. "ராஜாங்க பயம்" என்று ஒன்றில் இருந்ததைக் கண்டுபிடித்து, இதுதான் அது என்றார்கள்.