சிவப்பு மையும் நெளிகோடும்

ஆங்கிலத்தைத் திருத்தும் மென்பொருள் ஆங்கிலம் கற்போருக்காகப் பிறந்ததல்ல. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரி, நீனா மக்டொனால்ட் முதலியோர் உருவாக்கிய ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ வளவளவென்ற தொடர்களைச் சுட்டியது. வாக்கிய நீளத்தையும் செயப்பாட்டு வினைகளையும் கணக்கிட்டுச் சொன்னது. பின்னாளில் ‘வேர்டு 97’இல் இலக்கணப் பிழைகளின் கீழே பச்சை நெளிகோடு வந்தது.

கற்பவரின் பிழைகளோ வேறு வகை. தமிழிலும் சீனத்திலும் ஜப்பானியத்திலும் ‘தி’ என்ற ஆர்ட்டிகிளுக்கு நேரான சொல் இல்லை. பேசப்படும் பொருள் கேட்பவருக்கு முன்பே தெரியுமா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அது வரும். ஒரே வாக்கியத்தைப் பார்த்து அதைத் தீர்மானிக்க விதிகளால் இயலவில்லை.

வழி திறந்தது மனிதர் திருத்திய தாள்களால்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களின் சுமார் 1,400 கட்டுரைகளில் ஆங்கில ஆசிரியர்கள் பிழைகளைக் குறித்து வகைப்படுத்தினர். இலக்கணத் திருத்த மென்பொருளுக்காக 2013, 2014இல் நடந்த பன்னாட்டு ஆய்வுப் போட்டிகளுக்கு அத்தொகுப்பே அடிப்படை. முதலாண்டில் 5 பிழை வகைகள். மறு ஆண்டில் 28. 2014இன் மதிப்பீட்டில், பிழைகளைத் தவறவிடாமல் பிடிப்பதைவிடச் சொன்ன திருத்தம் சரியாக இருப்பதற்கே கூடுதல் மதிப்பு தரப்பட்டது. இது மிக நியாயமான முடிவு. தவறான திருத்தத்தைத் தாய்மொழியாளர் தள்ளிவிடுவார். கற்பவர் அதையே நம்பி மனத்தில் பதித்துக்கொள்வார்.

அதன்பின் திருத்தம் ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக மாறியது: பிழையான ஆங்கிலம் உள்ளே போகும், சரியான ஆங்கிலம் வெளியே வரும். துல்லியம் உயர்ந்தது. ஆனால் பழைய கருவி தான் பார்த்த விதியைப் பெயர் சொல்லிக் காட்டியது. மொழிபெயர்ப்பு முறை மாற்றிய வாக்கியத்தை மட்டும் தந்தது. காரணம் அறியாமல் அதை ஏற்றுக்கொள்ளும் மாணவரின் கட்டுரை சுத்தமாகிறது. அவருக்கு எது விளங்கவில்லை என்பது ஆசிரியர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

திருத்துவதால் பயனுண்டா என்ற வாதம் கருவிகள் பரவும் முன்பே எழுந்தது. வகுப்பறை இலக்கணத் திருத்தத்தைக் கைவிட வேண்டும் என்று ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். 1999இல் டானா ஃபெரிஸ் அதை மறுத்தார். ஜான் பிட்சனர் 2008இல் வெளியிட்ட நியூசிலாந்து ஆய்வில் 75 மாணவர்கள் பங்கேற்றனர். ஆர்ட்டிகிளின் இரண்டே பயன்பாடுகள் மட்டும் திருத்தப்பட்டன. திருத்தம் பெற்றவர்களின் முன்னேற்றம் 2 மாதங்களுக்குப் பின்னும் நிலைத்தது. இன்றைய திரையோ எல்லாப் பிழைகளின் கீழும் ஒரே நேரத்தில் கோடிடுகிறது.