துருட்ஸ: ஒரு சாடிச் சொல்லும் லூவிய எழுத்தின் திருத்தமும்

துருட்ஸ என்பது துருக்கியின் கிழக்குப் பகுதியில், எர்சிஞ்சான் நகருக்கு அருகிலுள்ள அல்தின்தெப்பே கோட்டையில் கிடைத்த பெரிய மண்சாடிகளில் காணப்படும் ஓர் அளவைச் சொல். உரார்ட்டு அரசின் இக்கோட்டை கி.மு. 8-7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. சொல் உரார்ட்டு மொழிக்குரியது. அதை எழுதப் பயன்பட்டதோ லூவியப் பட எழுத்து. சாடியின் கொள்ளளவைக் குறித்த இந்தச் சிறு சொல், லூவிய எழுத்தின் வாசிப்பையே திருத்த உதவியது.

லூவியமும் அதன் இரு எழுத்துகளும்

லூவியம் பண்டைய அனத்தோலியாவிலும் வட சிரியாவிலும் வழங்கிய ஓர் இந்திய-ஐரோப்பிய மொழி. ஹிட்டைட்டு அரசின் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் அது ஆப்பெழுத்தில் உள்ளது. பாறைகளிலும் கற்பலகைகளிலும் உள்ளவை பட எழுத்துக் கல்வெட்டுகள். இவற்றின் மொழி நீண்ட காலம் 'பட எழுத்து ஹிட்டைட்டு' என்று அழைக்கப்பட்டது. ஆப்பெழுத்து லூவியத்தோடு அதற்கு உறவு உண்டு எனத் தெரிந்திருந்தும், சொல் முடிவுகள் பல பொருந்தவில்லை.

1946இல் கண்டறியப்பட்ட காராதெப்பே இருமொழிக் கல்வெட்டு பெரும் உதவியாக அமைந்தது. அதே செய்தி பினீசிய மொழியிலும் இருந்ததால் பல சொற்களின் பொருள் உறுதியானது. ஆனால் பொருள் தெரிவது வேறு, ஒலி தெரிவது வேறு. அடிக்கடி வரும் சில குறிகளின் ஒலி பிழையாகவே வாசிக்கப்பட்டு வந்தது.

சாடிகள் தந்த சான்று

அவற்றுள் இரண்டு குறிகள் ஏறத்தாழ ஒரே வடிவமுடையவை. ஒன்றின் கீழ் மட்டும் இரு சிறு கோடுகள் இருக்கும். இவை 'இ', 'ஈ' என்னும் குறில், நெடில் இணையாகக் கருதப்பட்டன. இந்த வாசிப்பின்படி சாடியில் உள்ள சொல் 'துருஈ' ஆகும். அப்படி ஒரு சொல்லுக்குப் பொருள் காண வழியில்லை.

உரார்ட்டு மக்கள் பிற இடங்களில் தம் சாடிகளின் அளவை ஆப்பெழுத்தில் குறித்துள்ளனர். ஆர்மீனியாவின் கார்மிர் புளூரில் கிடைத்த சாடிகள் இதற்குச் சான்று. அவற்றில் வரும் அளவைகள் 'அகர்கி', 'தெருசி' என்பன. அல்தின்தெப்பே சாடிகளிலும் 'அஹர்கு' என்று வாசிக்கத்தக்க சொல் உள்ளது, அது அகர்கியே. எனவே அதனோடு வரும் மற்றச் சொல் தெருசியாக இருக்க வேண்டும். அப்படியானால் இறுதிக் குறி உயிரெழுத்து அன்று. 'ட்ஸ' என்னும் ஒலியே அதற்குப் பொருந்தும்.

திருத்தத்தின் விளைவு

டேவிட் ஹாக்கின்ஸ், அன்னா மொர்புர்கோ டேவீஸ், குண்டர் நொய்மன் ஆகியோர் 1970களின் முற்பகுதியில் இச்சான்றை விரிவாக ஆராய்ந்தனர். 'இ', 'ஈ' எனப்பட்ட குறிகள் முறையே 'ட்ஸி', 'ட்ஸ' என்றும், 'அ', 'ஆ' எனப்பட்ட வேறு இரு குறிகள் 'இ', 'ய' என்றும் வாசிக்கப்பட வேண்டும் என்று நிறுவினர்.

சாடிச் சொல் மட்டும் இதற்கு ஆதாரமாக இருந்திருந்தால் ஐயத்துக்கு இடமிருந்திருக்கும். லூவிய இலக்கணமும் இதையே உறுதிசெய்தது. ஆப்பெழுத்து லூவியத்தில் 'இந்த' என்னும் சுட்டுச் சொல்லின் அடி 'ட்ஸா'. பட எழுத்தில் முன்பு உயிரெழுத்தாக வாசிக்கப்பட்ட சுட்டுச் சொல்லும் புதிய வாசிப்பில் 'ட்ஸ' என்றே அமைந்தது. பன்மை விகுதி ஆப்பெழுத்தில் 'ன்ட்ஸி'. பட எழுத்தில் வெறும் 'இ' என்று கருதப்பட்டது 'ட்ஸி' ஆயிற்று. மெய்யெழுத்துக்கு முன் வரும் 'ன்' ஒலியைப் பட எழுத்து குறிப்பதில்லை என்பதால் இரண்டும் ஒன்றே.

இதன்பின் பட எழுத்துக் கல்வெட்டுகளின் மொழி லூவியமே என்பது தெளிவானது. ஹிட்டைட்டுப் பேரரசு கி.மு. 1200 அளவில் வீழ்ந்த பிறகு, கார்க்கெமிஷ் முதலிய அரசுகளின் மன்னர்கள் கல்லில் பொறிக்கச் செய்தது ஹிட்டைட்டு மொழியை அன்று, லூவியத்தை என்பதும் உறுதியாயிற்று. மன்னர்களின் நீண்ட கல்வெட்டுகள் காட்டாத ஒலியை, கிடங்கில் அளவு குறித்துவைத்த சாடிகள் காட்டின.