நின்றுபோன சாலையும் நில்லாத இணைப்பும்

ரொறன்ரோவின் வடபகுதியிலிருந்து அலன் றோட் வழியாகத் தெற்கு நோக்கி வாகனம் செலுத்தியோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். 401ஆம் இலக்க நெடுஞ்சாலையைக் கடந்து அகன்று இறங்கிவரும் அப்பாதை, எக்ளின்ரன் வீதியை அடைந்ததும் சட்டென்று முடிந்துவிடுகின்றது. அந்த முடிவிடத்தில் வரிசையில் காத்துநின்று வேலைக்குப் பிந்திப்போனவர் நம்மவரிற் பலர். இதைப் பாதியில் விட்டவன் யார் என்று நாமும் ஒரு காலத்தில் ஏசியதுண்டு. பின்னரே அறிந்துகொண்டோம், அது கட்டுவோர் கைவிட்ட சாலையன்று, மக்கள் வழிமறித்து நிறுத்திய சாலை என்பதை.

அக்கதையைச் சொல்வதற்கு 1953ஆம் ஆண்டிற்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரொறன்ரோ நகரைச் சூழ்ந்த பகுதிகளில் வீடுகள் காளான்கள் போல் முளைத்தன. ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ ஆகியவை அப்போது வயல்களும் தோட்டங்களும் நிறைந்த புறநகர்கள். வீடுகள் வந்தன, குழாய்நீரும் கழிவுநீர்க் குழாய்களும் அதே வேகத்தில் வரவில்லை. கிணறும் மலக்குழியும் கொண்டு பல குடும்பங்கள் காலந்தள்ளின. தனித்தனிச் சிறு சபைகளால் பெருஞ்செலவைத் தாங்க முடியவில்லை. ஆகவே மாகாண முதல்வர் லெஸ்லி புரொஸ்ற் அவர்களின் அரசு, ரொறன்ரோ நகரையும் பன்னிரண்டு புறநகர் உள்ளூராட்சிச் சபைகளையும் சேர்த்து, அவற்றுக்கு மேலே ஒரு பெருநகர சபையை 1953இல் சட்டத்தின்மூலம் நிறுவியது. பதின்மூன்று சபைகளும் தத்தம் பெயரோடும் அதிகாரத்தோடும் இருக்க, பெருங்குழாய்கள், பெருவீதிகள், போக்குவரத்து, பிரதேசத் திட்டமிடல் என்பன மேற்சபையின் பொறுப்பாயின. பெருநகரின் பரப்பு 240 சதுர மைல். ஆனால் அதன் திட்டமிடல் எல்லையோ 720 சதுர மைல்வரை விரிந்தது.

பிரதேச சபை என்ற சொல்லைக் கேட்டதும் நம் தலைமுறையினர்க்கு வேறொரு நினைவு எழும். 1957 யூலையிற் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தமும் பிரதேச சபைகளைப் பற்றியதே; காணி, கல்வி, விவசாயம், வீதி எனப் பல அதிகாரங்கள் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. மறுவருடம் ஏப்பிரலில் அது கிழித்தெறியப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கொரு பிரதேச சபை குழாய் பதித்துக்கொண்டிருந்தது என எண்ணும்போது மனம் சற்றுக் கனக்கவே செய்கின்றது.

இருப்பினும் இங்குள்ள சபையை வானளாவப் புகழ்வதற்கில்லை. அதன் முதல் தலைவர் பிரெடரிக் கார்டினர் செயல்வீரர். ஏரிக்கரை விரைவுச்சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் அவரைப் பெருநகர மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை. முதலில் மாகாண அரசு நியமித்தது. பின்னர் சபை உறுப்பினர்கள் தெரிந்தெடுத்தனர். அவ்வுறுப்பினர்களும் உள்ளூர்ச் சபைகளிலிருந்து வந்தவர்களே. பெருநகர சபைக்கென மக்கள் நேரடியாக வாக்களித்தது 1988இலேதான். ஆகவே திட்டம் வரைவோர்க்கும் திட்டம் யார் தலைமேல் விழுகின்றதோ அவர்க்கும் இடையே தூரம் அதிகம்.

அவ்வாறு வரையப்பட்டதுதான் ஸ்பதைனா விரைவுச்சாலை. வடக்கேயிருந்து புறப்பட்டு, சிடர்வேல் பள்ளத்தாக்கினூடாக, பழைய மரங்களும் செங்கல் வீடுகளும் நிறைந்த அனெக்ஸ் பகுதியை ஊடறுத்து நகர மையத்தை அடைவது திட்டம். 1960களின் தொடக்கத்தில் பெருநகர சபை அங்கீகாரம் அளித்தது. அச்சாலையை நம்பியே யோர்க்டேல் அங்காடித் தொகுதி 1964இல் திறக்கப்பட்டது. 1966இல் லோறன்ஸ் வீதிவரை சாலை திறந்தாயிற்று. அதன்பின் நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது: பணம் தீர்ந்துவிட்டது. மேலும் கடன்பெற ஒன்ராறியோ மாநகர விவகாரச் சபையின் அனுமதி வேண்டும். அனுமதி வழங்குமுன் அச்சபை பகிரங்க விசாரணை நடத்தவேண்டும். மக்கள் உள்ளே நுழைந்தது அந்தக் கடன் என்னும் கதவினூடாகத்தான்.

1969இல் சாலை எதிர்ப்புக் குழுவொன்று அமைந்தது. மாணவர், பேராசிரியர், வீட்டுக்காரர், வாடகைக் குடியினர் என்போர் அதில் இருந்தனர். அமெரிக்காவிலிருந்து 1968இல் இங்கு வந்து குடியேறிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரும் சேர்ந்துகொண்டார். நியூயோர்க்கில் இதேபோன்றதொரு நெடுஞ்சாலையை எதிர்த்தவர் அவர்; வியற்நாம் போருக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பாது எல்லை கடந்து வந்தவர். வந்த ஊரின் திட்டத்தைப் பற்றிப் பேச நமக்கென்ன உரிமை என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை. அறிஞர் மார்ஷல் மக்லூகனும் அவரோடு இணைந்து இவ்விடயம் பற்றி ஒரு குறும்படம் ஆக்கினார்.

1971 ஜனவரியில் விசாரணை நடந்தது. எதிர்ப்பாளர் பணம் திரட்டி, நாடறிந்த வழக்கறிஞர் ஜே. ஜே. ரொபினெற் அவர்களை அமர்த்தினர். பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மூவரில் இருவர் சாலைக்கே ஆதரவு. தலைவர் கெனடி மட்டும் மாறுபட்டு எழுதினார். எதிர்ப்பாளர் அமைச்சரவைக்கு மேன்முறையீடு செய்தனர். பதவியேற்று மூன்றே மாதமான மாகாண முதல்வர் வில்லியம் டேவிஸ், 1971 யூன் 3ஆந் திகதி சட்டசபையில் எழுந்து, ஸ்பதைனா சாலைக்கு அரசின் ஆதரவு இனி இல்லை என்றார். பல கோடி டொலர் செலவழிந்திருந்தது. எக்ளின்ரன்வரை நிலமும் தோண்டியாயிற்று. தோண்டிய அந்தப் பள்ளம் சில ஆண்டுகள் வெறுமனே கிடந்து, 1976இலேயே சாலையாகத் திறக்கப்பட்டது. 1978இல் அவ்வழியே நிலக்கீழ் ரயில் ஓடத் தொடங்கியது. பதவி விலகுமுன் 1985இல் டேவிஸ் இன்னொன்றும் செய்தார்: எக்ளின்ரனின் தென்கரையில் மூன்றடி அகலமான நிலத்துண்டொன்றை, 99 ஆண்டுக் குத்தகையில், நகரசபையின் கைக்கு மாற்றினார். பெருநகர சபை மறுபடி மனம்மாறினாலும் சாலை அந்த மூன்றடியைத் தாண்ட முடியாது!

இக்கதையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வென்றவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ஆங்கிலம் கைவந்தவர்கள், வழக்கறிஞரைத் தேடத் தெரிந்தவர்கள். புறநகரிலிருந்து தொழிலுக்குப் போய்வரும் சாதாரணர் பலர் அச்சாலையை விரும்பினர். அவர்களின் குரல் விசாரணையில் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. நம் ஸ்காபரோவின் அனுபவமும் அத்தகையதே. ஸ்காபரோ விரைவுச்சாலைத் திட்டம் 1974இல் கைவிடப்பட்டது நன்மையென்றே கொள்வோம். ஆனால் ஸ்காபரோவுக்கென முதலில் எண்ணப்பட்ட இலகு மின்வண்டிப் பாதை, மாகாண அரசின் வற்புறுத்தலால் புதுமாதிரி ரயிலாக மாறி 1985இல் ஓடத் தொடங்கியது. பனிக்காலத்தில் அது படுத்திய பாடு நம்மவர் அறியாததன்று. 2023 யூலையில் பெட்டி தடம்புரண்டதோடு அச்சேவை அடியோடு முடிந்து, பயணிகள் பஸ்ஸுக்கு மாற்றப்பட்டனர்.

மக்கள் கருத்தைக் கேட்டும் கேளாத கதையொன்றும் இந்நகருக்கு உண்டு. 1967இல் பதின்மூன்று சபைகள் ஆறாகக் குறைக்கப்பட்டிருந்தன. 1996 டிசம்பரில் மைக் ஹரிஸ் அவர்களின் மாகாண அரசு அவ்வாறையும் பெருநகர சபையையும் கலைத்து ஒரே நகராக்கும் சட்டமூலத்தைக் கொணர்ந்தது. 1997 மார்ச்சில் ஆறு சபைகளும் சர்வசன வாக்கெடுப்பு நடத்தின. வாக்களித்தோரில் ஏறத்தாழ 76 வீதத்தினர் இணைப்பு வேண்டாம் என்றனர். ஆறிலொன்றேனும் ஆம் என்று சொல்லவில்லை. அரசு அசையவில்லை.

அப்போது எதிர்க்கட்சியினர் கையாண்ட உபாயம் சுவையானது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சட்டசபையில் முன்வைத்தனர். அவற்றிற் பெரும்பாலானவை, நகரின் ஒவ்வொரு தெருவையும் பெயர் சொல்லிக் குறித்து, அத்தெருவார்க்குக் கலந்தாலோசனை உரிமை கோரியவை. வகுப்பில் இடாப்பு வாசிப்பதுபோல அகர வரிசையில் தெருப்பெயர்கள் இரவுபகலாக வாசிக்கப்பட்டன. உறக்கக் கலக்கத்தில் ஆளுந்தரப்பினர் ஒரு திருத்தத்தை எதிர்க்கத் தவறிவிட, எற்றோபிக்கோவில் உள்ள கஃபோன் கோர்ட் என்னும் தெருவாசிகளுக்கு மட்டும் அவ்வுரிமை கிடைத்துவிட்டது! அரசு பின்னொரு திருத்தத்தால் அதையும் பறித்தது. ஏப்பிரலில் சட்டமூலம் நிறைவேறி, 1998 ஜனவரி முதலாந் திகதி ஸ்காபரோ நகரசபை இல்லாதொழிந்தது.

அக்காலத்தில் நம்மவரிற் பலர் அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தனர். வாக்குரிமை குடியுரிமை பெற்றவர்க்கு மாத்திரமே. இன்றும் நகரசபைத் தேர்தலில் அதுவே விதி. அதனாற்றான் போலும், மாடிக் கட்டடத்தின் தபாற்பெட்டியில் வரும் திட்டமிடல் அறிவித்தல்களை விளம்பரத் தாள்களோடு சேர்த்து எறியும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிற்று. நாமும் எறிந்தோம். நம் தெருமுனையில் நட்ட அறிவித்தற் பலகையை, மழலை மாறாத நம் பிள்ளையொன்று எழுத்துக்கூட்டி வாசித்துப் பொருள் கேட்டபோதே அதை முதன்முதலில் நின்று படித்தோம்.

இணைப்பின் பின்னரும் ஸ்காபரோவுக்கென ஒரு சமூக மன்றம் எஞ்சியது. அல்பேர்ட் கம்பல் சதுக்கத்தை அடுத்த பழைய நகரசபைக் கட்டடத்திலேயே அது கூடிவந்தது. அச்சதுக்கத்தின் பெயருக்குரியவர், டேவிஸ் சாலையை நிறுத்திய நாளில் பெருநகர சபைத் தலைவராயிருந்த ஸ்காபரோக்காரர். நகரசபையின் குழுக் கூட்டங்களில் பேச விரும்புவோர் பெயரை முன்கூட்டிப் பதிந்துகொள்ளலாம். வழமையாக ஐந்து நிமிடம் தரப்படும். குடியுரிமைப் பத்திரத்தை எவரும் கேட்பதில்லை.